மண்ணுல முந்தி, காத்துல பிந்தி

அந்தக் காதுல செருகியிருக்கிறதை ஒரு நிமிசம் கழட்டுங்க தம்பி. கழட்டிட்டீங்களா? நல்லது. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு இந்தப் பக்கம் போதும். முன்னால என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா, அந்தப் பச்சைச் சேலை. அவ தலை எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். புதுக்கோட்டைக்குத்தானே? நாங்களும் அங்கதான். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாக்கப் போறோம். அவளுக்குத் தொண்டை.

என்ன? எனக்கா? எனக்கு என்ன தம்பி, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்.

பஸ்ஸு புதுசு போல, சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போவுது பாருங்க. முன்னாடியெல்லாம் இந்த ரோட்டுல பஸ்ஸு போனா கடகடன்னு குடலே வெளிய வந்துரும். இப்ப நல்லா செஞ்சுட்டான். ஏன் சிரிக்கிறீங்க? அந்தம்மா ஏன் நம்மளையே திரும்பிப் பாக்குறாங்க? தெரிஞ்சவங்களா? இல்லையா. சரி விடுங்க.

என் பேரு சன்னாசி. வேட்டு சன்னாசின்னு கேட்டா இந்தச் சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். கரட்டுப்பட்டி பிடாரியம்மன் கோயிலுக்கு வேட்டு நான்தான் வைக்கிறேன். இரும்புக் குழாயில மருந்தைப் போட்டுக் கெட்டிச்சு, மண்ணுல நட்டு, திரியைப் பத்த வச்சா, டமார்னு ஊரே அதிரும்ல, அந்த அதிர்வேட்டு. எங்கய்யாவுக்கு அப்புறம் நான். பங்குனி வந்தா பிடாரிக்கு முதல் வேட்டு என் கையாலதான். இந்த வருசம் அதுக்குத்தான் ஒரு சிக்கல். நான் வைக்கிறதா, வெளியூர் ஆளைக் கூப்பிடுறதான்னு இன்னைக்குச் சாயங்காலம் சொல்றேன்னு கோயில் தலைவரு சொல்லிட்டாரு. அதான் எனக்கு நெஞ்சுக்குள்ள திக்கு திக்குன்னு இருக்கு. சும்மா இருக்க முடியல, அதான் உங்ககிட்டப் பேசுறேன். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க.

எல்லாம் அந்த எரிமலையால வந்த வினை.

என்ன கேக்குறீங்க? சத்தமாக் கேளுங்க தம்பி, உங்க வயசுப் பசங்க எல்லாருக்குமே இப்ப தொண்டை இறங்கிப் போச்சு. வாய்க்குள்ளயே பேசுறீங்க. எங்க ஊருல பெரியவங்களும் அப்படித்தான் ஆயிட்டாங்க, என்னத்தச் சாப்பிடுறாங்களோ தெரியல. கோயில் மணியைக்கூடப் புதுசா வார்த்து மாட்டினாங்க, டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓ, போனுல எழுதியே காட்டிட்டீங்களா? 'எரிமலைக்கும் வேட்டுக்கும் என்ன சம்பந்தம்?' சரியான கேள்வி. நீங்களும் படிச்ச ஆளுதான். படிச்சவங்களுக்கு எதையும் எழுதினாத்தான் திருப்தி. அந்தப் பொண்ணும் அப்படித்தான்.

நஸ்ரின்னு பேரு. கீழக்கரைப் பொண்ணு. பெரிய ஆராய்ச்சிக்காரி, ஆனா பாத்தா தெரியாது. பேன்ட்டு முழுக்கப் புழுதி, தலையில துண்டு, கையில மண்வெட்டி. தை மாசம் அறுப்பு முடிஞ்ச கையோட ஒரு வேனைப் போட்டுக்கிட்டு ரெண்டு மூணு பேரோட எங்க கண்மாய்க்கு வந்து இறங்குச்சு. எங்க கண்மாய் அப்பவே காஞ்சு கட்டாந்தரையாக் கெடக்கும். ரோடு கிட்டக்க இல்ல, ரயில் இல்ல, மில்லு இல்ல. இந்த மாதிரி இடந்தான் வேணும்னு சொல்லுச்சாம். நாங்க இதைத்தான் குறையாச் சொல்லிக்கிட்டு இருந்தோம்.

விசயம் என்னன்னா, அந்தமானுக்கு அங்கிட்டு ஒரு தீவு இருக்காம். ஆள் கெடையாது. நடுவுல ஒரு மலை, அப்பப்ப நெருப்பைக் கக்கும். அங்க போயி உக்காந்துக்கிட்டு, அது எப்பக் கக்கும், எவ்வளவு கக்கும்னு பாக்க முடியாதுல்ல? அதனால தூரத்துலயே கருவியை வச்சு ஒட்டுக் கேக்குறது. அதுதான் அந்தப் பொண்ணுக்கு வேலை. மலைகிட்ட ஒட்டுக் கேக்குறதுக்குச் சம்பளம்! எங்க ஊருப் பொம்பளைங்க பக்கத்து வீட்டுச் சண்டையைச் சும்மாவே கேக்குறாங்க.

மலை வெடிச்சா ரெண்டு அலை கெளம்புமாம் தம்பி. ஒண்ணு மண்ணுக்குள்ள ஓடும். இன்னொண்ணு காத்துல ஓடும். மண்ணுல வர்றதைப் பிடிக்க ஒரு கருவி, தேங்காய் அளவு இருக்கும், அதைக் குழியில புதைச்சு வச்சாங்க. காத்துல வர்றதைப் பிடிக்க இன்னொண்ணு, அதுலேர்ந்து நாலா பக்கமும் சொட்டுநீர்க் குழாய் மாதிரி ஓஸு ஓடுது, நண்டு காலை விரிச்ச மாதிரி. சும்மா வீசுற காத்தை வடிகட்டவாம். அதுல பிடிக்கிற சத்தம் இருக்கே, அதுல பாதி மனுசக் காதுக்குக் கேக்கவே கேக்காதாம்! அவ்வளவு கனத்த சத்தம். எத்தனையோ மைல் போகும், நாம பாட்டுக்கு அதுக்குள்ள நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருப்போம், ஒண்ணும் தெரியாது. எனக்கு அதைக் கேட்டதும் அவ்வளவு சந்தோசம். நான் எத்தனை நாளா வீட்டுல சொல்றேன், சத்தத்துல ஏதோ கோளாறு இருக்குன்னு. இப்ப விஞ்ஞானமே சொல்லிருச்சு.

அந்தக் கருவியெல்லாம் தீவுக்கு எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரி பாக்கணும். அதுக்குத் தெரிஞ்ச இடத்துல, தெரிஞ்ச நேரத்துல ஒரு வெடி வேணும். அப்பதான் யாரோ என் பேரைச் சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்து, என் குழாயைத் தட்டிப் பாத்துட்டு, 'அய்யா, இது குட்டி எரிமலைதான்'னுச்சு. அடியில வெடிக்குது, வாய் வழியாப் புகையும் சத்தமும் வருது, அங்கயும் அதேதான்னு சொல்லுச்சு. சொல்லுச்சுன்னா, எழுதிக் காட்டுச்சு. பட்டணத்துப் பொண்ணு, குரலு கொசு மாதிரி. நான்தான், 'தாயி, கஷ்டப்பட்டுக் கத்தாத, எழுதிரு'ன்னு சொன்னேன். பத்த வைக்கிறதுக்கும் கூப்பிட்டா எனக்கு எட்டாதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணினோம். அது தூரத்துல கருவிக்கிட்ட நிக்கும், ஒரு செவப்புத் துண்டை ஆட்டும், நான் பத்த வைக்கணும். நல்ல ஏற்பாடுதானே?

மூணு வேட்டு வேணும்னு பொண்ணு கேட்டுச்சு. ஒண்ணு தப்பாப் போயிரலாம், ரெண்டு ஒண்ணுக்கொண்ணு முரண்டு பிடிக்கலாம், மூணு இருந்தாத்தான் நம்பலாம்னு அதுங்க கணக்கு. அங்கதான் சனியன் வந்து உக்காந்துச்சு. எங்க ஊருல வேட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கு தம்பி. ஒரு வேட்டுன்னா அம்மன் கெளம்பிட்டா. ரெண்டுன்னா கொடியேத்தம். விட்டு விட்டு மூணுன்னா, ஊருக்குத் தலைக்கட்டான அம்பலம் வீட்டுல சாவு.

எனக்கு இது தெரியாதான்னு நீங்க கேப்பீங்க. ஏன் தெரியாது? அந்த வழக்கமே எங்க குடும்பத்தோடது. ஆனா கண்மாய்க்கும் ஊருக்கும் தூரம். இப்ப வர்ற மருந்து வேற சுத்த மோசம் தம்பி. முன்னாடி நான் வச்சா டமார்னு நெஞ்சுல அடிக்கும். இப்ப கொஞ்ச வருசமா எவ்வளவு போட்டாலும் பொசுக்குன்னு அப்பளம் ஒடைஞ்ச மாதிரிதான் இருக்கு. நானும் வருசா வருசம் ஒரு பிடி, ரெண்டு பிடி கூட்டித்தான் போடுறேன். இந்தப் பொசுக்கு ஊருக்கு எங்க கேக்கப் போவுதுன்னு இருந்துட்டேன்.

பொன்னழகு சொன்னாளாம். என் வீட்டுக்காரி பேரு பொன்னழகு. 'ரெண்டோட நிறுத்துங்க, ஊருல சொல்லிட்டு மூணாவதை வைக்கலாம்'னு முதல் நாளே என்கிட்டச் சொன்னாளாம். நான் தலையாட்டினேனாம். ஆட்டியிருப்பேன். அவ என்ன சொன்னாலும் நான் தலையாட்டிருவேன், இத்தனை வருசமா வீட்டுல சண்டையில்லாம ஓடுறது அதனாலதான். ஆட்டினதைப் பிடிச்சுக்கிட்டு 'அப்ப ஏன் செய்யல?'ன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?

மூணும் வச்சேன். முதல் ரெண்டும் எனக்குத் திருப்தியா இல்ல, மூணாவதுக்கு மருந்தைக் கொஞ்சம் தாராளமாப் போட்டேன். பொண்ணு ஓடி வந்துச்சு, காதைப் பொத்திக்கிட்டு. நோட்டுல 'ஒரே அளவாப் போடச் சொன்னேனே அய்யா!'ன்னு கொட்டை எழுத்துல எழுதி நீட்டுச்சு. 'தாயி, உன் கருவி பாவம், அதுக்கும் கேக்க வேணாமா?'ன்னு சொன்னேன். தலையில கை வச்சுக்கிச்சு.

அங்க ஊருல என்ன ஆச்சு தெரியுமா? எங்க கோயில் தலைவரு கதிர்வேல் அம்பலம். அவரோட அய்யா, பெரிய அம்பலம், தொண்ணூறு தாண்டிட்டாரு, போன ஐப்பசியிலேர்ந்து படுத்த படுக்கை. எல்லாரும் இன்னைக்கோ நாளைக்கோன்னு எதிர்பார்த்துக்கிட்டு இருந்த உசுரு. மூணு வேட்டு கேட்டதும் ஊரே 'போயிட்டாருடா'ன்னு கெளம்பிருச்சு. எங்க ஊரு மட்டுமில்ல, அக்கம்பக்கத்து ஊருக்காரனும் வந்துட்டான். மாலை, பட்டு, மேளம், ஒரு டெம்போ நெறையாப் பொம்பளைங்க. வாசல்ல கட்டிப் பிடிச்சு ஒப்பாரியே ஆரம்பிச்சுட்டாங்க. பெரிய அம்பலம் உள்ள கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

அந்த மனுசன் என்ன பண்ணினாரு தெரியுமா? எந்திரிச்சு உக்காந்துட்டாரு! மூணு நாலு மாசமாத் திரும்பிப் படுக்கவே ஆள் வேணும் அவருக்கு. 'யாருடா செத்தது?'ன்னு கேட்டிருக்காரு. எல்லாரும் கையில இருந்த மாலையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சிருக்காங்க. அப்புறம் அவருக்கே புரிஞ்சிருச்சு. 'சரி, வந்தவங்களை வரிசையா வரச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு, யாரு யாரு வந்திருக்கா, யாரு வரலன்னு ஒவ்வொருத்தனாப் பாத்திருக்காரு. சின்ன மருமகன் வரலையாம். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் அங்க சண்டை நடக்குது. வந்த மாலையில நல்லதா ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிட்டாராம்.

மகனுக்குத்தான் கோவம். இருக்காதா பின்ன? வந்த சனத்துக்கெல்லாம் சாப்பாடு போட்டிருக்காரு. வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒண்ணு விழுந்திருச்சுன்னு வேற என் தலையில கட்டினாரு. அது பழைய கண்ணாடி தம்பி, தானா விழுந்திருக்கும். பொசுக்குக்கு எவன் வீட்டுக் கண்ணாடி விழும்?

அதோட விட்டிருந்தா நல்லது. ஆனா அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வேட்டு பாக்கி. பெரிய கெணறு ஒண்ணு கண்மாய்க் கரையில தண்ணி இல்லாமக் கெடக்கு. அதுக்கு அடியில குழாயை நட்டு வெடிக்கணும்னுச்சு. ஏன்னு கேட்டேன். வேன் நிழல்ல உக்கார வச்சுப் படம் போட்டு வெளக்குச்சு. மண்ணுல அலை வேகமா ஓடும், காத்துல மெதுவா வரும். மலையோட தொண்டைக்குள்ள எவ்வளவு ஆழத்துல வெடிக்குதோ, அதுக்குத் தகுந்த மாதிரி ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடும். மண்ணுல எப்ப வந்துச்சு, காத்துல எப்ப வந்துச்சுன்னு பாத்தா ஆழம் தெரிஞ்சிரும். தொண்டைன்னே சொல்லுச்சு தம்பி. மலைக்குத் தொண்டை! அப்புறம் இன்னொண்ணும் சொல்லுச்சு, அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும். மண்ணுல அதிருது, ஆனா காத்துல ஒண்ணுமே வரலைன்னா, தொண்டை அடைச்சிருக்குன்னு அர்த்தமாம். அப்பதான் பயப்படணுமாம்.

இந்தத் தடவை ஊருல எல்லாருக்கும் தண்டோரா போட்டாச்சு. வேடிக்கை பாக்க ஊரே கரையில நின்னுச்சு. நான் கெணத்துக்குள்ள குழாயை நட்டுட்டு, திரியை மேல விளிம்பு வரைக்கும் இழுத்து வச்சுட்டு, நெருப்போட குந்தியிருந்தேன். எனக்கு முன்னால தூரத்துல பொண்ணு, துண்டோட. ஊரு எனக்குப் பின்னால.

பெரிய அம்பலம் அன்னைக்கு வீட்டுல அடம் பிடிச்சிருக்காரு. 'என்னைக் கொன்ன வேட்டை நான் பாக்கணும்'னு. சேர்ல உக்கார வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. எட்டத்துல மரத்தடியில வச்சதுக்கு, 'எனக்குக் காது மந்தம்டா, கிட்டக் கொண்டு போய் வைங்க'ன்னு கம்பை ஓங்கியிருக்காரு. பாவம், வயசாயிருச்சு, காது போயிருச்சு, அதை அவரே ஒத்துக்கிறாரு, அதுல ஒண்ணும் வெக்கமில்ல. தூக்கிட்டு வந்தவனுங்க மடப்பசங்க, கெணத்துக்கு மறு விளிம்புல, என் முதுகுக்கு நேர் பின்னால வச்சுட்டுப் போயிட்டானுங்க. எனக்கு எப்படித் தெரியும்? முதுகுல கண்ணா இருக்கு?

அப்ப பொண்ணு துண்டை ஆட்டுச்சு. ஒரு தடவை ஆட்டினாப் பத்த வைன்னு பேச்சு. இது என்னடான்னா விடாம ஆட்டுது, குதிச்சுக் குதிச்சு ஆட்டுது. சரி, அவசரம் போலருக்குன்னு பத்த வச்சுட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி. அவங்க எல்லாரும் சொல்றது என்னன்னா, அந்நேரம் ஊரே கத்துச்சாம். 'வைக்காத, வைக்காத'ன்னு தொண்டை கிழியக் கத்துனாங்களாம். பொண்ணும் நிறுத்தச் சொல்லித்தான் துண்டை ஆட்டுச்சாம். எனக்கு ஒண்ணும் வரல. வந்தா நான் ஏன் வைக்கப் போறேன்?

அப்ப ஒண்ணு நடந்துச்சு. உள்ளங்காலுல ஒரு குத்து. அப்புறம் இன்னொண்ணு. இன்னொண்ணு. பூமிக்கு அடியில இருந்து யாரோ என்னைத் தட்டிக் கூப்பிடுற மாதிரி. விறுக்குன்னு திரும்பினேன். பொன்னழகு, குழி தோண்டின கடப்பாரையை ரெண்டு கையாலயும் தூக்கித் தூக்கித் தரையில குத்திக்கிட்டு நிக்கிறா. தலைமுடி அவுந்து கெடக்கு. வாய் திறந்திருக்கு. அவளுக்குப் பக்கத்துல, கெணத்து விளிம்புல, மாலையைப் போட்டுக்கிட்டுப் பெரிய அம்பலம் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

திரி சீறிக்கிட்டு உள்ள எறங்குது. வெறுங்கையாலயே பிடிச்சு நசுக்கினேன். இந்தாங்க, உள்ளங்கையைப் பாருங்க, இன்னும் தழும்பு போகல. அன்னைக்கு அந்த மனுசனுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் பிடாரி முகத்துல எப்படி முழிப்பேன்? அப்புறம் கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டேன். பொன்னழகு வந்து என் கையைத் தன் முந்தானையில சுத்தினா.

அப்புறந்தான் வேடிக்கை. பொண்ணு கம்ப்யூட்டரைத் திறந்துச்சு. மண்ணுக் கருவியில கோடு ஓடிக்கிட்டே இருக்குல்ல, அதுல பாத்தா, பொன்னழகு குத்தின ஒவ்வொரு குத்தும் மலை மாதிரி எழும்பி நிக்குது! அவ்வளவு அழகு. ஊரு கத்தினது எங்கன்னு கேட்டேன். 'இதுல வராதுங்கய்யா'ன்னு எழுதுச்சு. சரி, காத்துக் கருவியில காட்டுன்னேன். 'அது கனத்த சத்தத்துக்குள்ளதுங்கய்யா, மனுசக் குரலை எடுக்காது'ன்னு எழுதுச்சு. பாத்தீங்களா! வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச கருவி, எங்கயோ கடலுக்கு நடுவுல மலை செருமினாக் கேக்கும், அதுக்கே இவனுங்க கத்தினது கேக்கல. எனக்குக் கேக்கலைன்னா மட்டும் குத்தமா?

இதையே ஊர்க் கூட்டத்துலயும் கேட்டேன். கூட்டமாவா பேசினாங்க, ரகசியம் பேசுற மாதிரி பேசினாங்க. கதிர்வேல் அம்பலம் வாய் அசைஞ்சது, மத்தவன் தலையசைஞ்சது. சாடையிலயே எனக்குப் புரிஞ்சிருச்சு, வேட்டை என்கிட்ட இருந்து பிடுங்கப் போறாங்க. அந்தக் கூட்டத்துலயே தெளிவாப் பேசின ஆளு பெரிய அம்பலம் ஒருத்தர்தான். ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக் கேட்டுச்சு. 'சன்னாசி வேட்டுலதான்டா நான் எந்திரிச்சேன்! அவன்தான் வைக்கணும்!'னு போட்டாரு பாருங்க ஒரு போடு. பக்கத்துல உக்காந்தவனெல்லாம் காதைப் பொத்திக்கிட்டான்.

அப்புறம் பொன்னழகு எந்திரிச்சா. அவ கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்ல. ரொம்ப நேரம் பேசினா. கையைக் காட்டினா, என்னைக் காட்டினா, கண்ணைத் தொடச்சுக்கிட்டா. எனக்கு ஒரு சொல்லும் வரல. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கடைசியில எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டி வச்சேன். என்ன முடிவாச்சுன்னு அப்புறம் பொண்ணுகிட்டக் கேட்டேன். எழுதிக் காட்டுச்சு. இனிமே நான் வேட்டு வைக்கிறதா இருந்தா பொன்னழகு கடப்பாரையோட பக்கத்துல நிக்கணுமாம். அப்புறம், 'ரெண்டு பேரும் டாக்டரைப் பாத்துட்டு வாங்க, அன்னைக்குச் சாயங்காலம் முடிவு சொல்றேன்'னு தலைவர் சொன்னாராம். அவ தொண்டைக்கும் என் வேட்டுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்களே சொல்லுங்க!

தொண்டைன்னு கண்டுபிடிச்சது யாருன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே? நான்தான்!

அந்தக் கடப்பாரைக்கு அப்புறம் அவ என்னை வாயால கூப்பிடுறதையே விட்டுட்டா தம்பி. சோத்துக்குக் கூப்பிடணுமா, காலால தரையில ஒரு தட்டு. கட்டில்ல படுத்திருக்கும்போது யாராச்சும் வந்துட்டா உலக்கையால ஒரு குத்து, கட்டில் காலு வழியா எனக்கு வந்துரும், உடனே எந்திரிச்சிருவேன். ரொம்ப வருசத்துக்கு அப்புறம் அவ ஒரு தடவை கூப்பிட்டு நான் திரும்பினது இப்பதான்னு ஊருல கேலி பண்றாங்க. அது ஒரு பக்கம் எங்களுக்குள்ள நல்லாத்தான் ஓடுது. கொஞ்ச வருசமா அவ என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதே இல்ல, உதட்டை அசைச்சுட்டுப் போயிருவா, என்ன கோவமோன்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தேன். இப்பக் கோவம் இல்லைன்னு தெரிஞ்சிருச்சு.

ஆனா ஒரு நாள் திடீர்னு உறைச்சது. மண்ணுல வருது. காத்துல வரல. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? தொண்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். அப்பதான் பயப்படணும்னு சொல்லுச்சா இல்லையா? அவகிட்ட ஓடிப் போய், 'பொன்னழகு, உனக்குத் தொண்டையில என்னமோ இருக்கு, வா டாக்டர்கிட்டப் போவோம்'னு சொன்னேன். அவ என்னைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. சிரிச்சு முடிச்சும் கண்ணுல தண்ணி நிக்கல. அப்புறம் சரின்னு தலையாட்டினா. அவளும் என்கிட்டேர்ந்து தலையாட்டக் கத்துக்கிட்டா.

டாக்டரைப் பாக்குறதுன்னு ஆயிருச்சு, போனது போனோம், என் காதையும் ஒரு தடவை பாக்கட்டும்னு சொல்லலாம்னு இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மாதான். அவ குரலு திரும்பி வந்தா அதைக் கேக்க நம்ம காது சுத்தமா இருக்கணும்ல.

உண்மையச் சொல்லட்டுமா தம்பி? வேட்டு போனாலும் பரவாயில்லன்னு ராத்திரியெல்லாம் தோணுது. போகக் கூடாது, போனா எனக்கு வேற என்ன தெரியும்? ஆனாலும் தோணுது. டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். அய்யா, அவ குரலை எனக்குத் திருப்பிக் குடுங்க. வையட்டும், கத்தட்டும், 'எங்க போய்த் தொலைஞ்சீங்க'ன்னு தெரு முனை வரைக்கும் கேக்குற மாதிரி கூப்பிடட்டும். கல்யாணம் ஆன புதுசுல கெணத்தடியில நின்னு அவ கூப்பிட்டா நான் கண்மாய்க் கரையில இருந்து திரும்புவேன். அந்தக் குரலு எனக்கு வேணும்.

இந்தா, வந்துருச்சு! கால்ல வந்துருச்சு. பாத்தீங்களா, முன்னால இருந்து பஸ்ஸுத் தகரத்துல காலால தட்டுறா. ஓட்டுறவரு இன்னும் பிரேக்கே போடல, அதுக்குள்ள எனக்கு வந்துருச்சு. ஆசுபத்திரி ஸ்டாப்பு போல. பையை எடுங்க, அது எங்களுது. நல்லா இருங்க தம்பி.

அங்க பாருங்க, திரும்பி நின்னு என்னமோ சொல்றா. வாய் அசையுது. உங்களுக்குக் கேட்டுச்சா? என்ன சொன்னா? போனுல எழுதுங்க, சீக்கிரம். கொண்டாங்க.

'படி உசரமா இருக்கு, பாத்து எறங்குங்க.'

இதையா சொன்னா? இவ்வளவு தூரத்துல இருந்து உங்களுக்கே கேட்டுச்சா?

சரி. சரி தம்பி. நான் வர்றேன். அந்தப் பொண்ணு கணக்குப்படி மண்ணுல வர்றது முந்தி, காத்துல வர்றது பிந்தி. முந்தினது வந்துருச்சு. இன்னொண்ணு வழியில வந்துக்கிட்டு இருக்கும்.